மலையில் பிறந்தவர் உடலும் மலைக்குப் பழகியவர் உடலும்

லே நகரில் படைப்பணியில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூன்று ஆண்டுகளாக அங்கே இருந்தும் அண்ணனுக்கு மேட்டில் ஏறினால் மூச்சிரைக்கிறது. அவரைவிட வயதில் மிகவும் மூத்த லடாக்கி ஒருவர் முதுகில் மூட்டையோடு அதே மேட்டில் நிற்காமல் ஏறுகிறார். இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் காட்டும் ஆக்சிமீட்டரை இருவர் விரலிலும் மாட்டிப் பார்த்தால் எண் ஏறக்குறைய ஒன்றுதான், 90-ஐ ஒட்டி. அப்படியானால் வேறுபாடு உடலில் எங்கே இருக்கிறது, குடும்பத்தோடு அங்கேயே தங்கி இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தால் தங்கள் பிள்ளைகளுக்கும் அது வந்துவிடுமா, மரபணுச் சோதனையில் இதைக் கண்டறிய முடியுமா என்று கேட்கிறார். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றே: ஒருவர் தம் வாழ்நாளில் உடலால் பழகிக்கொண்டது பிள்ளைகளுக்கு இறங்குமா, அல்லது மலைவாழ் மக்களிடம் இருப்பது அப்படிப் பழகி வராத வேறொன்றா?

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிப்பவன். மூச்சும் இரத்த ஓட்டமும் என் பாடம். மலைநோயாளிகளுக்கு நேரில் மருத்துவம் பார்த்தவன் அல்லன் என்பதால் அண்ணனின் உடல்நிலை பற்றி இங்கே தீர்ப்புச் சொல்வது முறையாகாது. பொதுவான கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகியது இறங்காது. மலைவாழ் மக்களிடம் இருப்பது பெரும்பாலும் வேறொன்றுதான். அதிலும் திபெத்திய மரபினரிடம் நன்றாக நிறுவப்பட்டிருக்கும் மாற்றம், நாம் எதிர்பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இனி வருவது அந்த எதிர்த்திசைக்கான விளக்கம்.

கடற்கரையிலும் லேயிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் 500-ஐ ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. இந்தக் குறையை உடல் எதிர்கொள்வதில் மூன்று அடுக்குகள் உண்டு; இவற்றைக் கலந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது, சமவெளியிலிருந்து போகும் எவருக்கும் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஏற்படும் இணக்கம்: மூச்சு வேகமாகிறது, சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கிறது, சிவப்பணுக்களில் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இரத்தத்தில் கூடுகிறது. கீழே இறங்கினால் இவை கரைந்துவிடும். இரண்டாவது, குழந்தைப் பருவத்திலிருந்தே உயரத்தில் வளர்வதால் வரும் மாற்றம். பெரு நாட்டில் ராபர்ட்டோ ஃப்ரிசான்ச்சோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, சமவெளிப் பெற்றோருக்குப் பிறந்தும் சிறுவயதிலேயே மலைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்தவர்களின் உழைப்புத்திறன், வளர்ந்தபின் வந்தவர்களைவிட மேம்பட்டு மலைவாசிகளை எட்டியிருந்தது. வளர்கிற நுரையீரல் சூழலுக்கேற்ப விரிந்துகொள்கிறது; ஆனால் அந்த விரிவும் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை, ஒவ்வொரு குழந்தையும் புதிதாகவே அதைப் பெற வேண்டும். மூன்றாவதுதான் மரபணுத் தகவமைப்பு. இதில் தனி ஒருவரின் உடல் மாறுவதில்லை. பல நூறு தலைமுறைகளில் யாருடைய பிள்ளைகள் பிழைத்தன என்பதைப் பொறுத்து ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுச் சேர்க்கை மாறுகிறது.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொண்டால் இந்த மூன்றாம் அடுக்கின் இயல்பு தெளிவாகும். 1890-இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் வியோ, லிமாவிலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள மொரோகோச்சா சுரங்க ஊருக்குப் போனபோது, தம் இரத்தத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் வெகுவாகக் கூடியதைக் கண்டார். ஆக்சிஜன் குறைந்தால் அதைச் சுமப்பவற்றைக் கூட்டுவது உடலின் அறிவார்ந்த ஏற்பாடு என்று அப்போதிருந்து நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு முதல் அடி பெருவிலிருந்தே வந்தது. 1925-இல் கார்லோஸ் மோங்கே என்ற லிமா மருத்துவர், மலையில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவருக்குத் தலைவலி, காதிரைச்சல், தூக்கமின்மை, நீலம் பாரித்த உதடுகள் ஆகியவற்றோடு இரத்தம் மட்டுமீறித் தடித்திருந்ததை விவரித்தார். இன்று நாள்பட்ட மலைநோய் என்று அறியப்படும் இதில், ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 21 கிராமும் அதற்கு மேலும் ஹீமோகுளோபின் இருக்கும். சமவெளி ஆணுக்கு 13 முதல் 17 வரை இயல்பு. நீராகாரம்போல் ஓட வேண்டிய இரத்தம் கூழ்போல் தடிக்கும்போது, ஒவ்வொரு துளியும் கூடுதல் ஆக்சிஜனைச் சுமந்தாலும் நுண்குழாய்களுக்குள் போய்ச்சேரும் மொத்த அளவு குறையலாம், இதயமும் களைத்துப்போகும். கீழே இறங்கினால் நோய் தணிகிறது.

ஆக, சிவப்பணுக்களைக் கூட்டுவது என்பது குறுகிய காலத்துக்கு உதவி, அளவு மீறினால் தீங்கு. இந்த எதிர்வினை இரத்த இழப்புக்காகவும் சோகைக்காகவும் அமைந்தது என்றும், மலையில் அது இடம் தவறி இயங்குகிறது என்றும் உடலியங்கியலாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சோகையில் சிவப்பணு குறைவதால் திசுக்களில் ஆக்சிஜன் குறைகிறது, அங்கே சிவப்பணுக்களைக் கூட்டுவதுதான் சரியான மருந்து. மலையிலோ குறை காற்றில் இருக்கிறது. சிவப்பணுக்களைக் கூட்டும்படி ஆணையிடும் சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

அமெரிக்க மானிடவியலாளர் சிந்தியா பீல் இமயத்தையும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரையும் ஒப்பிட்டுச் செய்த அளவீடுகள் இங்கேதான் திருப்பத்தை ஏற்படுத்தின. 1998-இல் வெளியான ஆய்வில், 4,000 மீட்டரை ஒட்டிய ஊர்களில் வாழும் பொலிவியாவின் அய்மரா ஆண்களுக்குச் சராசரி ஹீமோகுளோபின் 19.2 கிராம், ஏறக்குறைய அதே உயரத்தில் வாழும் திபெத்திய ஆண்களுக்கு 15.6 கிராம், அதாவது சென்னையில் ஓர் ஆணுக்கு இருப்பதைப் போன்ற அளவு. திபெத்தியரின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவும் அய்மரா மக்களைவிடச் சற்றுக் குறைவே. இரத்தத்தை மட்டும் பார்த்தால் திபெத்தியர்தான் நலிந்தவர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாள்பட்ட மலைநோய் ஆண்டீஸில் பரவலாகவும் திபெத்தியரிடம் அரிதாகவும் இருக்கிறது. நீங்கள் ஆக்சிமீட்டரில் கண்ட புதிருக்கு விடையும் இங்கேதான் தொடங்குகிறது: விரலில் தெரியும் எண், இரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும், அந்த இரத்தம் எவ்வளவு தடையின்றித் திசுக்களுக்குப் போகிறது என்பதைச் சொல்லாது. திபெத்தியர் ஓய்வில் இருக்கும்போதே அய்மரா மக்களைவிட மிகுதியாகக் காற்றை உள்ளிழுத்து வெளியிடுகிறார்கள். 4,200 மீட்டரில் வாழும் திபெத்தியரின் முன்கையில் ஓடும் இரத்தம், கடல்மட்டத்தில் வாழ்வோருக்கு ஓடுவதைப் போல இரு மடங்குக்கு மேல் என்றும், இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் விளைபொருள்கள் அவர்கள் இரத்தத்தில் பத்து மடங்குக்கு மேல் என்றும் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் இறுகுவது மனித இயல்பு. அந்த இறுக்கமும் திபெத்தியரிடம் குறைவு. இவற்றோடு, அந்த லடாக்கிப் பெரியவர் சிறுவயது முதல் அதே மேட்டில் சுமையோடு ஏறி இறங்கியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் உங்கள் அண்ணனுக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு, எவ்வளவு வளர்ப்பு, எவ்வளவு உழைப்பு என்று ஒரு தனி மனிதரை வைத்துப் பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் இயலாது.

மரபணு எங்கே இருக்கிறது என்பது 2010-இல் தெரிந்தது. அந்த ஓராண்டில் மூன்று தனித்தனிக் குழுக்கள் திபெத்தியரின் மரபணுக்களை ஆராய்ந்து, ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தன. நம் செல்களில் ஆக்சிஜன் குறைவை உணரும் ஓர் ஏற்பாடு உண்டு. ஹிஃப் எனப்படும் புரதம் எப்போதும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் போதுமான அளவில் இருந்தால் ஒரு நொதி அதை அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளமிடுவது தடைபட்டு, ஹிஃப் தேங்கி, எரித்ரோபோயட்டின் முதலிய பல மரபணுக்களை முடுக்கிவிடும். சிறுநீரகத்திலிருந்து வரும் எரித்ரோபோயட்டின் எலும்பு மச்சையில் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹிஃப் புரதத்தின் ஒரு வகையை உருவாக்கும் ஈபாஸ்1, அடையாளமிடும் நொதியை உருவாக்கும் எக்லைன்1 ஆகிய இரண்டு மரபணுக்களில்தான் திபெத்தியர் சமவெளியின் ஹான் சீனரிடமிருந்து வெகுவாக வேறுபட்டிருந்தனர். ஈபாஸ்1-இல் உள்ள ஒரு மாறுபாடு அந்த ஆய்வுகளுள் ஒன்றில் திபெத்தியரிடம் 87 விழுக்காடும் ஹான் சீனரிடம் 9 விழுக்காடும் காணப்பட்டது. மரபணுத் தொகுதியின் மற்ற இடங்களில் இவ்விரு மக்களும் நெருங்கிய உறவினர் என்பதால், இந்த ஓரிடத்தில் மட்டும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வர வழியில்லை. இந்த மாறுபாட்டை உடையவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது என்பதும் பலமுறை உறுதிப்பட்டது. சுருங்கச் சொன்னால், மலையில் இடம் தவறி இயங்கும் அந்தப் பழைய எதிர்வினையின் முனையை மழுக்கிய மாற்றம் இது.

இதுவரை சொன்னதில் ஐயம் குறைவு. இனிமேல் சற்று நிதானித்துப் போக வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதே இயற்கைத் தேர்வின் இலக்கா, அல்லது வேறொரு நன்மையின் பக்கவிளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. நேபாளத்தில் வாழும் திபெத்திய வழியினரான செர்ப்பா மக்களையும் ஆண்டீஸின் கெச்சுவா மக்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பலர் உறுதியென எண்ணியிருந்த ஒன்றையே அசைத்தது. செர்ப்பாக்களின் உடலில் உள்ள மொத்த ஹீமோகுளோபினின் எடை சமவெளியினரைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இரத்த நீர்மமும் மிகுதியாக இருந்ததால் செறிவு குறைவாகத் தெரிந்தது. சிவப்பணு உற்பத்தி அடங்கியிருக்கிறது என்பதைவிட, இரத்தம் மொத்தத்தில் பெருகி நீர்த்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள். விளைவு ஒன்றுதான், இரத்தம் தடிக்காமல் ஓடுகிறது; வழிதான் வேறு. எக்லைன்1-இலும் இப்படியே ஒரு முரண் உண்டு: திபெத்தியரிடம் காணப்படும் மாற்றம் அந்த நொதியின் செயலைக் கூட்டுகிறது என்று ஓர் ஆய்வகமும், குறைக்கிறது என்று வேறோர் ஆய்வகமும் 2014-இல் அறிவித்தன. மரபணு எது என்பதில் உடன்பாடு இருக்கும்போதே அது உடலில் செய்வது என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருப்பது இத்துறையில் வியப்புக்குரியது அன்று.

இயற்கைத் தேர்வு என்றால் மலையேற்றத்தில் வெல்பவர் பிழைப்பார் என்று பலர் எண்ணுகிறார்கள். மூட்டையோடு மேடேறும் திறனைக்காட்டிலும் தீர்க்கமான சோதனை கருப்பையில் நடக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறைகிறது; இந்தக் குறைவு திபெத்தியருக்கும் ஆண்டீஸ் மக்களுக்கும் மிகவும் மட்டுப்பட்டும், அண்மையில் குடியேறியவர்களுக்குக் கூடுதலாகவும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் கருப்பைத் தமனி நன்கு விரிந்து நஞ்சுக்கொடிக்கு மிகுதியாக இரத்தம் அனுப்புவது இதற்கு முக்கியக் காரணம். திபெத்தின் லாசாவில் பிறந்த திபெத்தியக் குழந்தைகளையும் ஹான் குழந்தைகளையும் முதல் நான்கு மாதங்கள் அளந்து 1995-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஊர், ஒரே உயரம். இருந்தும் திபெத்தியக் குழந்தைகளின் ஆக்சிஜன் செறிவு கூடுதலாக இருந்தது, ஹான் குழந்தைகளுக்கோ உறக்கத்திலும் பால் குடிக்கும்போதும் அது மேலும் இறங்கியது. பிறந்த குழந்தை எதற்கும் பழகியிருக்க முடியாது என்பதால் இந்தச் சான்றுக்குத் தனி வலு உண்டு. நேபாளத்தின் மேல் முஸ்தாங் பகுதியில் குழந்தைப்பேற்றுக் காலத்தைக் கடந்த 417 பெண்களை ஆராய்ந்து பீல் குழுவினர் 2024-இல் வெளியிட்ட முடிவும் இத்தோடு ஒட்டியது: உயிரோடு பிறந்த குழந்தைகள் மிகுதியாக இருந்த பெண்களின் ஹீமோகுளோபின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நடுவில் இருந்தது, ஆக்சிஜன் செறிவு உயர்ந்திருந்தது. ஆக்சிஜன் நன்கு ஏறிய, ஆனால் தடிக்காத இரத்தம் உடைய பெண்களுக்கே பிள்ளைகள் மிகுதி. தேர்வு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு மனிதரிடம் கிடைத்த சான்றுகளுள் இது தெளிவானது.

ஆண்டீஸ் மக்களைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். அவர்களுக்கு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், திபெத்தியர் தகவமைந்தார்கள், இவர்கள் தகவமையவில்லை என்று எழுதுவோர் இருக்கிறார்கள். இது சரியன்று. பெருவில் 4,480 மீட்டர் உயரத்தில் உள்ள குன்கைச்சா பாறைக்குடைவில் ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருக்கிறார்கள். அகன்ற மார்பு, திபெத்தியரைவிட உயர்ந்த ஆக்சிஜன் செறிவு, பிறப்பு எடையைக் காக்கும் கருப்பைத் தமனி ஆகியவை அவர்களிடம் உண்டு. அந்தத் தமனியின் விட்டத்தோடும் குழந்தையின் எடையோடும் தொடர்புடைய ஒரு மரபணுப் பகுதியும் கண்டறியப்பட்டிருக்கிறது. எக்லைன்1 பகுதியில் ஆண்டீஸ் மக்களிடமும் தேர்வின் தடம் தெரிகிறது, ஆனால் மாறுபாடு திபெத்தியருடையது அன்று. கலாஞ்சா என்ற பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பின்படி, 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்க நகரம் 1545-இல் அமைந்தபின் அங்கே ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து உயிர் தங்கிய முதல் குழந்தைக்கு 53 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளூர் மக்களுக்கோ பிள்ளைகள் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பிறப்பை ஒரு புனிதரின் அற்புதமாகக் காட்டும் நோக்கில் எழுதப்பட்ட குறிப்பு என்பதால் 53 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பொதுப் போக்கு மட்டும் இன்றைய அளவீடுகளோடு பொருந்துகிறது.

எத்தியோப்பியா மூன்றாவது வழி. சீமியன் மலையில் 3,500 மீட்டர் அளவில் வாழும் அம்ஹாரா மக்களின் ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் செறிவும் சமவெளியினரைப் போலவே இருக்கின்றன. இது எப்படி என்பதற்கான விளக்கம் இன்றும் நிறைவாக இல்லை. சுட்டப்பட்ட மரபணுக்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகின்றன. உங்கள் கேள்விக்கு அம்ஹாராக்களைவிட முக்கியமானவர்கள் அதே நாட்டின் ஒரோமோ மக்கள். பாலே மலைப்பகுதிக்கு அவர்கள் ஏறிச் சென்று சுமார் 500 ஆண்டுகள்தான் ஆகின்றன, ஏறக்குறைய 20 தலைமுறை. உயரத்தில் வாழும் ஒரோமோக்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதலாகவும் ஆக்சிஜன் செறிவு குறைவாகவும் இருக்கின்றன. சமவெளி மக்கள் மலைக்குப் போனால் எப்படியோ அப்படி. நீங்கள் கேட்ட இரண்டு மூன்று தலைமுறைக்கு இயற்கையே நடத்திய சோதனை என்று இதைக் கொள்ளலாம். இருபதிலும் அது வந்துவிடவில்லை.

இடையில் ஒரு பறவை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வருபவை. அவை 7,000 மீட்டரைத் தாண்டிப் பறந்தது கருவிகளில் பதிவாகியிருக்கிறது. அவற்றின் ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறி, ஆக்சிஜனை இறுகப் பற்றும் தன்மை பெற்றிருக்கிறது. திபெத்தியரிடம் ஹீமோகுளோபின் புரதம் மாறவில்லை. ஈபாஸ்1-இல் நடந்த மாற்றமும் புரதத்தின் அமைப்பைத் தொடாமல், மரபணு எங்கே எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் பகுதிகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்பது இத்துறையில் நான் கற்பித்தவற்றுள் மாணவர்கள் எளிதில் நம்ப மறுக்கும் பகுதி. 2014-இல் வெளியான ஆய்வின்படி, திபெத்தியரின் ஈபாஸ்1 மாறுபாட்டுத் தொகுப்பு வேறெந்த இன்றைய மக்களோடும் ஒப்பிட முடியாத அளவுக்கு டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித வகையின் மரபணுவோடு பொருந்துகிறது. சைபீரியாவின் அல்த்தாய் மலைக் குகையொன்றில் கிடைத்த விரல் எலும்பிலிருந்து அறியப்பட்டவர்கள் டெனிசோவன்கள். ஆசியாவுக்குள் வந்த நம் மூதாதையர் அவர்களோடு கலந்தபோது இந்தத் துண்டு நம்மிடம் வந்திருக்கிறது. கலப்பிலிருந்து வந்தது என்பது உறுதி. ஆனால் டெனிசோவன்களுக்கே அது மலைவாழ்வுக்கு உதவியதா என்பது தெரியவில்லை. திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கு விளிம்பில், 3,280 மீட்டர் உயரத்துக் குகையொன்றில் 1980-இல் ஒரு துறவிக்குக் கிடைத்த தாடையெலும்பு, குறைந்தது 1,60,000 ஆண்டுப் பழமையான டெனிசோவனுடையது என்று 2019-இல் புரத ஆய்வின் மூலம் நிறுவப்பட்டது. அவர்கள் உயரத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இது சான்று. அந்தத் தாடைக்குரியவரிடம் இந்த ஈபாஸ்1 இருந்தது என்பதற்கு இது சான்றாகாது, ஏனெனில் அதிலிருந்து மரபணுத் தொகுதி கிடைக்கவில்லை. திபெத்திய மாஸ்டிஃப் நாய்களும் மலை ஓநாய்களோடு கலந்தே தம் ஈபாஸ்1 மாறுபாட்டைப் பெற்றிருக்கின்றன என்பதை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

காலக்கணக்கு இன்னும் வழுக்கலான நிலம். 2010 ஆய்வுகளுள் ஒன்று, திபெத்தியரும் ஹான் சீனரும் பிரிந்தது 2,750 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தது. மனித வரலாற்றின் மிக வேகமான பரிணாமம் என்று செய்திகள் பறந்தன. தொல்லியலாளர் இதை அப்போதே மறுத்தனர். பீடபூமியில் 4,600 மீட்டர் உயரத்தில் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. பார்லி பயிரிட்டு 3,000 மீட்டருக்கு மேல் ஆண்டு முழுவதும் ஊராகத் தங்கியது சுமார் 3,600 ஆண்டுகளாகத்தான். டெனிசோவன் துண்டு ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்பு நம் மூதாதையரிடம் வந்தது, ஆனால் அது தேர்வில் ஏறத் தொடங்கியது 9,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2021-இல் ஒரு குழு கணித்தது. அந்த 9,000-க்கு அவர்களே தரும் எல்லை 2,500 முதல் 42,000 வரை. இவ்வளவு அகலமான எல்லைக்குள் ஓர் எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குவது முறையாகாது. ஆனாலும் ஒன்று புலப்படுகிறது: பயன்படும்வரை அந்தத் துண்டு பல்லாயிரம் ஆண்டுகள் சிலரிடம் சும்மா இருந்திருக்கிறது.

இதை வைத்து உங்கள் இரண்டாம் கேள்விக்கு நேராக வருகிறேன். உங்கள் குடும்பம் லேயில் தங்கினால், அங்கே வளரும் பிள்ளைகளுக்கு இரண்டாம் அடுக்கின் நன்மை கிடைக்கும். உங்கள் அண்ணனைவிட அவர்கள் நன்றாகவே மேடேறுவார்கள். அது மரபணுவில் எழுதப்படாது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால் 9,000 ஆண்டு என்பது 360 தலைமுறை. மூன்று தலைமுறையில் இயற்கைத் தேர்வு செய்யக்கூடியது அளவிட முடியாத அளவுக்குச் சிறிது. அதோடு, தேர்வு இல்லாததை உருவாக்காது, இருப்பதைத்தான் சலிக்கும். உதவும் மாறுபாடு ஒரு குடும்பத்தில் இல்லையென்றால் எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் காத்திருப்பதால் மட்டும் வராது. உள்ளூரில் மணவுறவு கொண்டால் ஒரே தலைமுறையில் வந்துவிடலாம். டெனிசோவன் துண்டு நம் இனத்துக்குள் வந்த வழியும் அதுதான். பழகியதன் தடங்கள் மரபணுவின் மேற்பூச்சாகப் படிந்து பிள்ளைகளுக்குப் போகும் என்று சிலர் எழுதுகிறார்கள். மலைவாழ்வோரிடம் அத்தகைய வேதித் தடங்களில் வேறுபாடு இருப்பது மெய், அவை மனிதரில் தலைமுறை தாண்டுவது நிறுவப்படவில்லை. மற்றொரு எச்சரிக்கையும் இங்கே தேவை: மேலே சொன்ன மரபணு அளவீடுகளில் பெரும்பகுதி திபெத்திலும் நேபாளத்திலும் செய்யப்பட்டவை. லடாக்கியர் மொழியாலும் மரபாலும் திபெத்தியரோடு நெருங்கியவர்கள் என்பதால் அவை அவர்களுக்கும் பெருமளவு பொருந்தும் என்று கொள்ளலாம். ஆனால் லடாக் பல மக்கள் கலந்த வழித்தடம், ஒவ்வொருவரிடமும் ஒரே சேர்க்கை இராது.

மூன்றாம் கேள்வியான மரபணுச் சோதனைக்கு இப்போதைக்கு விடை, பயனில்லை என்பதே. ஈபாஸ்1 மாறுபாடு ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரியை விளக்குகிறது. ஒரு தனி வீரர் மேலே போனால் அவருக்கு நுரையீரலில் நீர் கோக்குமா, தலைசுற்றுமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான மரபணுச் சோதனை இன்று இல்லை. ஒருமுறை நீர் கோத்தவருக்கு மறுமுறையும் அது வரும் வாய்ப்பு மிகுதி என்ற பழைய மருத்துவ அனுபவம் அத்தகைய சோதனைகள் எல்லாவற்றையும்விட இன்னும் பயனுள்ளது. 1962-இல் சீனாவுடன் நடந்த போரின்போது போதிய இடைவெளியின்றி மேலே அனுப்பப்பட்ட நம் வீரர்களிடம் இந்த நோய்கள் பெருமளவில் காணப்பட்டன; இந்தர் சிங் தலைமையிலான இராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களின் மலைநோயை விவரித்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. இன்று நம் படையில் 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், 15,000 அடி வரை மேலும் நான்கு நாள், அதற்கு மேல் மேலும் நான்கு நாள் என்று படிப்படியாக இணங்கவைக்கும் முறை இருப்பது இத்தகைய அனுபவத்தால்தான். உங்கள் அண்ணன் அந்தக் கட்டங்களைக் கடந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டதால் மேடேறும்போது சற்று மூச்சிரைப்பது மட்டும் இருந்தால் அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் விடாத தலைவலி, காதிரைச்சல், உறக்கக் கேடு, உதடு கருநீலமாவது ஆகியவற்றுள் எதுவும் சேர்ந்திருந்தால், ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் படைப்பிரிவு மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; விடுப்பில் ஊருக்கு வந்தபின் பார்த்தால் அந்த அளவு அதற்குள் இறங்கியிருக்கக்கூடும்.